20 கணினிகள் நெட்வொர்க் வழியே பூட் ஆகப் பத்து நிமிடம்: எந்தக் கட்டத்தில் தேங்குகிறது?

கடலோரக்கூடம்

எல்லாருக்கும் வணக்கம். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் மாலை நேர இலவசக் கணினி வகுப்பு நடத்துகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள். தமிழ்த் தட்டச்சு, கணக்குத்தாள், ஆர்வமுள்ளவர்களுக்குக் கொஞ்சம் பைத்தான் என்று சொல்லிக்கொடுக்கிறோம்.

கணினிகள் ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்டு எங்களுக்குக் கொடுத்தவை. தங்கள் தரவு வெளியே போகக் கூடாது என்று ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் தந்தார்கள். எல்லாவற்றுக்கும் புதிதாக எஸ்எஸ்டி வாங்க எங்களிடம் பணம் இல்லை. அதனால் உபுண்டுவில் எல்டிஎஸ்பி என்ற மென்பொருளைப் போட்டு, ஒரே சர்வரிலிருந்து அத்தனை கணினியும் நெட்வொர்க் வழியாகவே பூட் ஆகும்படி வைத்திருக்கிறோம்.

சர்வர் ஒரு ஐ5 டெஸ்க்டாப், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி. அது அலுவலக அறையில் 8 போர்ட் ஸ்விட்ச் ஒன்றில் இருக்கிறது. அங்கிருந்து முற்றத்தைத் தாண்டி ஒரு கேபிள் கூடத்துக்குப் போகிறது, ஏறக்குறைய 50 மீட்டர். கூடத்தில் 24 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய வகை), அதுவும் நன்கொடையாக வந்ததுதான். முன்பு ஆறு கணினி மட்டும் அலுவலக அறையிலேயே இருந்தபோது இரண்டு நிமிடத்தில் லாகின் திரை வந்துவிடும். கூடத்துக்கு மாறி 20 கணினி ஆன பிறகு பத்து நிமிடம் ஆகிறது. தினமும் இரண்டு மூன்று கணினிகள் 'பிஎக்ஸ்இ-இ51' என்று காட்டி அப்படியே நின்றுவிடும். மறுபடி ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டும்.

வகுப்பே ஒரு மணி நேரம்தான். அதில் பத்து நிமிடம் பிள்ளைகள் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

வடசேரி_சர்வீஸ்

டீச்சர், முதலில் பயாஸைப் பாருங்கள். கழித்துக் கொடுத்த அலுவலகக் கணினிகளில் பூட் வரிசை கண்டபடி இருக்கும். டிவிடி, யூஎஸ்பி, இல்லாத ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் தேடிவிட்டுக் கடைசியில்தான் நெட்வொர்க்குக்கு வரும். நெட்வொர்க்கை முதலில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கே கிடையாது என்பதால் காலி சாட்டா போர்ட்டுகளை பயாஸிலேயே அணைத்துவிடலாம். புதிய வகை பயாஸான யுஇஎஃப்ஐ என்றால் ஐபிவி6 பிஎக்ஸ்இயை (பிஎக்ஸ்இ என்பதுதான் நெட்வொர்க் வழி பூட் செய்யும் முறை) எடுத்துவிட்டு ஐபிவி4 மட்டும் விடுங்கள்.

பிழை எண்ணையும் குறித்து வையுங்கள், அது பாதி வேலையைச் செய்துவிடும். இ61 வந்தால் கேபிளோ போர்ட்டோ சரியில்லை. இ51 என்றால் ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை. இ53 என்றால் ஐபி முகவரி வந்தது, எந்தக் கோப்பை பூட் செய்வது என்ற தகவல் வரவில்லை. இ32 என்றால் கோப்பு இருக்கும் டிஎஃப்டிபி சர்வர் பதில் சொல்லவில்லை. உங்களுக்கு வருவது இ51. கணினி கேட்கிற நேரத்தில் சர்வர் வரைக்கும் வழி திறக்கவில்லை என்று எனக்குப் படுகிறது.

மலையோரம்

எல்டிஎஸ்பியைப் பள்ளி, கிராமக் கூடங்களுக்குத் தைரியமாகச் சிபாரிசு செய்வேன். 1999இல் தொடங்கிய திட்டம் அது. ஒரு சர்வரைப் பராமரித்தால் போதும், வைரஸ் தொல்லை இல்லை, ஒரு மென்பொருளைச் சேர்த்தால் எல்லாக் கணினியிலும் வந்துவிடும். 20 கணினி என்பது அதற்குப் பெரிய கூட்டமே இல்லை. நீங்கள் சொல்லும் சர்வர் தாராளமாகத் தாங்கும். எல்லாக் கணினியும் படிப்பது இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒரே இமேஜ் கோப்பைத்தான். முதல் கணினி படித்த பகுதி சர்வரின் ராமில் தங்கிவிடும், மற்றவர்களுக்கு அங்கிருந்தே போகும். எஸ்எஸ்டிக்குக்கூட அதிக வேலை இருக்காது. ஆகவே சர்வரை மாற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

எனக்கு டிஎஃப்டிபி மேல்தான் சந்தேகம். அது மெதுவான நெறிமுறை.

தக்கலை_நெட்வொர்க்

டீச்சர், எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பயாஸை மாற்றி, கேபிளை மாற்றி, ஸ்விட்சை மாற்றி என்று ஒரே நாளில் எல்லாவற்றிலும் கை வைத்தால், கடைசியில் எது சரி செய்தது என்றே தெரியாமல் போகும். அடுத்த மழைக்காலத்தில் அதே நோய் திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

'பூட் மெதுவாக இருக்கிறது' என்பதை ஒரே கோளாறாகப் பார்க்காதீர்கள். அதற்குள் நாலைந்து தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. மின் பொத்தானை அழுத்தியதும் பயாஸ் தன் சோதனைகளை முடிக்கும். அடுத்து நெட்வொர்க் கார்டில் இருக்கும் பிஎக்ஸ்இ நிரல் 'எனக்கு ஐபி கொடு' என்று டிஎச்சிபி கேட்கும். கிடைத்ததும் டிஎஃப்டிபி வழியாக ஐபிஎக்ஸ்இ என்ற சின்ன நிரலை இறக்கும். ஐபிஎக்ஸ்இ எழுந்து தன் பங்குக்கு மறுபடி டிஎச்சிபி கேட்கும். அப்புறம் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இனிட்ஆர்டியும் (தொடக்கத்துக்கு வேண்டிய டிரைவர்கள் அடங்கிய கோப்பு) இறங்கும். கெர்னல் ஓட ஆரம்பித்ததும் அது மூன்றாம் முறையாக ஐபி கேட்கும். கடைசியாகத்தான் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு வழியாக இமேஜைப் படித்து லாகின் திரை வரைக்கும் போகும்.

இதில் எது இழுக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. போனை ஒரு ஸ்டாண்டில் வைத்து, ஒரே ஒரு கணினியைத் தனியாக ஆன் செய்து திரையை வீடியோ எடுங்கள். பிறகு 20 கணினியையும் ஒன்றாக ஆன் செய்து, அதே கணினியை மறுபடி வீடியோ எடுங்கள். வீடியோவை ஓடவிட்டு, ஒவ்வொரு வரியும் எத்தனையாவது விநாடியில் வருகிறது என்று எழுதி இங்கே போடுங்கள். இரண்டு பட்டியலுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தில்தான் விடை இருக்கும்.

குழித்துறை_மாணவன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் வீட்டு டெஸ்க்டாப்பிலும் இதே எழுத்து வருகிறது. ஆன் செய்தால் 'ஸ்டார்ட் பிஎக்ஸ்இ ஓவர் ஐபிவி4' என்று ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கும், பிறகு ஐபிவி6 என்று வரும், அப்புறம்தான் விண்டோஸ் வரும். எங்கள் வீட்டில் சர்வரெல்லாம் எதுவும் இல்லை.

வடசேரி_சர்வீஸ்

தம்பி, உன் விஷயம் வேறு. டீச்சருக்கு நெட்வொர்க் பூட் வேண்டும், அது வேகமாக நடக்க வேண்டும். உனக்கு அது வேண்டவே வேண்டாம். பயாஸில் 'நெட்வொர்க் ஸ்டேக்' என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடு. பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டு வா.

அதோடு விட்டுவிடாதே. திடீரென்று ஏன் இப்படி ஆனது என்றும் பார். விண்டோஸில் தேதி, நேரம் தப்பாக வருகிறதா? வந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். பயாஸ் அமைப்புகள் அழிந்து தயாரிப்பாளர் வைத்த நிலைக்குத் திரும்பிவிடும், பல போர்டுகளில் அப்போது நெட்வொர்க் பூட் தானாக முன்னால் வந்து நிற்கும். அது 3 வோல்ட் பேட்டரி, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். தேதி சரியாக இருந்தால் டிஸ்க்கைச் சந்தேகப்படு. சாட்டா கேபிள் தளர்ந்தோ, டிஸ்க்கே நோய்ப்பட்டோ பயாஸ் கண்ணுக்கு அது சில சமயம் படாமல் போகும். அப்போதும் கணினி நெட்வொர்க்கைத் தேடிப் போகும். அப்படி என்றால் முதல் வேலையாக உன் கோப்புகளை வேறு இடத்தில் பிரதி எடுத்து வை.

குழித்துறை_மாணவன்

தேதி பழைய வருஷத்தைத்தான் காட்டுகிறது அண்ணே. நாளைக்கே பேட்டரி வாங்குகிறேன்.

கடலோரக்கூடம்

சொன்னபடி வீடியோ எடுத்துப் பார்த்தேன். ஒரு கணினியைத் தனியாக ஆன் செய்தபோது வந்தது இது.

பொத்தானிலிருந்து பிஎக்ஸ்இ வரி வரும் வரை 20 விநாடி. 'டிஎச்சிபி' என்று எழுதி 30 விநாடிக்குப் பக்கமாகக் காத்திருக்கிறது. ஐபிஎக்ஸ்இ வந்ததும் 'கான்ஃபிகரிங் நெட்0' என்று புள்ளி புள்ளியாக மறுபடி 30 விநாடி. கெர்னலும் இனிட்ஆர்டியும் இறங்க 40 விநாடி. அப்புறம் திரையில் எதுவும் நகராமல் திரும்பவும் 30 விநாடி. அதற்கு மேல் 40 விநாடியில் லாகின் திரை.

எல்லாவற்றையும் ஒன்றாக ஆன் செய்தால் முதல் பகுதிகளில் பெரிய மாற்றமில்லை. இனிட்ஆர்டி இறங்குவதுதான் 40 விநாடியிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விடுகிறது. கடைசிக் கட்டமும் 40 விநாடியிலிருந்து ஆறு நிமிடத்துக்குப் பக்கத்தில் போகிறது.

சர்வரில் நெட்வொர்க் கார்டின் வேகத்தைக் காட்டும் எத்தூல் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். 1000 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ் என்றுதான் காட்டுகிறது.

தக்கலை_நெட்வொர்க்

அருமை டீச்சர். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றைச் சரி செய்துவிட்டு 'இன்னும் மெதுவாகத்தானே இருக்கிறது' என்று அதைத் திரும்பப் பழையபடி மாற்றிவிடக் கூடாது.

முதல் கோளாறு அந்த மூன்று 30 விநாடிகள். தனியாக ஆன் செய்தாலும் வருகிறது, கூட்டமாக ஆன் செய்தாலும் வருகிறது. அப்படியானால் நெரிசல் காரணமில்லை. 30 என்ற எண்ணே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. மேனேஜ்டு ஸ்விட்சில் ஸ்பானிங் ட்ரீ ஓடுகிறது. 1985இல் ராடியா பெர்ல்மன் வகுத்த முறை அது. ஸ்விட்சுகளுக்கு நடுவே வட்டம் விழுந்து தகவல் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க் முடங்காமல் காப்பதுதான் அதன் வேலை. ஒரு போர்ட்டில் இணைப்பு வந்ததும் உடனே திறக்காது. 15 விநாடி கேட்டுக்கொண்டிருக்கும், அடுத்த 15 விநாடி கற்றுக்கொள்ளும், அதற்குப் பிறகுதான் தரவை விடும்.

பிஎக்ஸ்இ நிரல், ஐபிஎக்ஸ்இ, கெர்னல் மூன்றும் நெட்வொர்க் கார்டை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடக்குகின்றன. அப்போது இணைப்பு ஒரு கணம் அறுந்து மறுபடி வரும். ஸ்விட்ச் ஒவ்வொரு முறையும் 30 விநாடியை முதலிலிருந்து எண்ணும். ஒன்றரை நிமிடம் வீணாகப் போவது இப்படித்தான்.

இ51க்கும் இதுவே காரணம். 1999இல் இன்டெல் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 விதிப்படி, டிஎச்சிபி கோரிக்கையை அனுப்பிவிட்டு 4 விநாடி காத்திருக்கும்; பதில் இல்லையென்றால் மறுபடி அனுப்பி 8, பிறகு 16, பிறகு 32 விநாடி. அதாவது கோரிக்கைகள் கிளம்புவது 0, 4, 12, 28ஆவது விநாடிகளில். போர்ட் திறப்பதோ 30ஆவது விநாடியில். கார்டு இரண்டு மூன்று விநாடி முன்னதாக இணைப்பை எடுத்திருந்தால் நாலாவது கோரிக்கை தப்பிப் போய்ச் சேரும். எடுக்காத கணினிக்கு நாலும் பாழ், ஒரு நிமிடம் கழித்து இ51. எந்தக் கணினி நிற்கும் என்று உங்களால் முன்கூட்டிச் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு சாதாரண 5 போர்ட் ஸ்விட்சை மேனேஜ்டு ஸ்விட்சுக்கும் ஒரு கணினிக்கும் நடுவில் மாட்டி, அரை நிமிடம் விட்டு அந்தக் கணினியை ஆன் செய்யுங்கள். கணினியின் கார்டு அறுந்து வந்தாலும் பெரிய ஸ்விட்சின் போர்ட் அறுந்து வராது. 30 விநாடிகள் மறைந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

இரண்டாம் கோளாறுக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். சர்வரிலிருந்து ஒரு கணினிக்கு மொத்தம் எத்தனை எம்பி போகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மலையோரம்

அண்ணாச்சி சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. ஸ்பானிங் ட்ரீயை மொத்தமாக அணைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் இருக்கும் கூடம். ஒரு கேபிளின் இரண்டு முனையையும் யாராவது ஒரே ஸ்விட்சில் குத்திவிட்டால் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும். கணினி மாட்டிய போர்ட்டுகளில் மட்டும் 'எட்ஜ் போர்ட்' என்ற அமைப்பைப் போடுங்கள், அந்தப் போர்ட்டுகள் காத்திருக்காமல் உடனே திறக்கும். சிஸ்கோவில் அதற்குப் பெயர் போர்ட்ஃபாஸ்ட். 2001இல் வந்த வேகமான ஆர்எஸ்டிபிக்கு மாறினால் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எதிர்முனையில் ஸ்விட்ச் இருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும். கணினிக்கு அந்த மொழி தெரியாது, எனவே எட்ஜ் என்று சொல்லாத போர்ட் பழையபடி காத்திருக்கும். பிபிடியூ கார்டு (காவல் என்ற பொருளில்; எட்ஜ் போர்ட்டில் ஸ்பானிங் ட்ரீ செய்தி வந்தால் அந்தப் போர்ட்டை மூடிவிடும்) என்ற வசதியும் இருந்தால் சேர்த்துப் போடுங்கள். அலுவலக அறைக்குப் போகும் போர்ட்டில் மட்டும் எதையும் மாற்ற வேண்டாம்.

கடலோரக்கூடம்

சின்ன ஸ்விட்சை நடுவில் மாட்டியதும் டிஎச்சிபி உடனே வந்துவிட்டது! மூன்று இடத்திலும். அப்புறம் பெரிய ஸ்விட்சின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து 1 முதல் 20 வரையுள்ள போர்ட்டுகளை எட்ஜ் ஆக்கிவிட்டேன். இப்போது தனியாக ஆன் செய்தால் ஒன்றே முக்கால் நிமிடத்துக்குள் வருகிறது. இ51 ஒன்றுகூட வரவில்லை. ரொம்ப நன்றி.

ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் இன்னும் எட்டரை நிமிடம். சர்வரின் கணக்கிலிருந்து பார்த்தால் ஒரு கணினிக்கு கெர்னலும் இனிட்ஆர்டியும் 80 எம்பி, லாகின் திரை வரைக்கும் படிக்கும் இமேஜ் 200 எம்பி பக்கம்.

தக்கலை_நெட்வொர்க்

கடைசிக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். 20 கணினிக்கு 200 எம்பி வீதம் 4,000 எம்பி. நீங்கள் சொன்ன நேரம் ஏறக்குறைய 350 விநாடி. வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு 11.4 எம்பி.

இந்த எண்ணைப் பார்த்ததுமே நெட்வொர்க் வேலை செய்கிற எவரும் நிமிர்ந்து உட்காருவார்கள். 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 100 மெகாபிட், 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்; அந்த இணைப்பில் நடைமுறையில் போகக்கூடிய உச்சம் விநாடிக்கு 11, 12 எம்பிதான். கிகாபிட் இணைப்பு என்றால் 110க்கு மேல் போகும், அதே 4,000 எம்பி 36 விநாடியில் முடிந்திருக்கும். ஆக, சர்வருக்கும் கூடத்துக்கும் நடுவில் எங்கோ ஒரு கண்ணி 100இல் ஓடுகிறது.

சர்வர் 1000 காட்டுகிறதே என்றால், அது சர்வருக்கும் பக்கத்திலிருக்கும் 8 போர்ட் ஸ்விட்சுக்கும் நடுவிலுள்ள ஒரு மீட்டர் கேபிளின் வேகம். முற்றத்தைத் தாண்டுகிற 50 மீட்டரைப் பற்றி எத்தூலுக்கு எதுவும் தெரியாது. கூடத்து ஸ்விட்சின் பக்கத்தைத் திறந்து, அலுவலகத்திலிருந்து கேபிள் வந்து சேரும் போர்ட்டின் வேகத்தைப் பாருங்கள்.

கடலோரக்கூடம்

போர்ட் 24. 100 எம் என்று காட்டுகிறது.

தக்கலை_நெட்வொர்க்

கிடைத்துவிட்டது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், கனெக்டரில் 1, 2, 3, 6 ஆகிய பின்கள். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். 4, 5, 7, 8இல் ஒன்றில் தொடர்பு கெட்டாலும் பல கார்டுகளும் ஸ்விட்சுகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இணைப்பு விளக்கு எரியும், இன்டர்நெட் வரும், வீடியோ ஓடும். யாருக்கும் எதுவும் தெரியாது. 20 பேர் ஒன்றாகக் கேட்கும்போதுதான் வெளியே வரும்.

நம்ம கடற்கரையில் இது அடிக்கடி நடக்கும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று எந்த ஊரிலும் கடலைப் பார்த்த சுவரில் இருக்கும் ஆர்ஜே45 கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். மலிவான கனெக்டரில் தங்க முலாம் பெயருக்குத்தான் இருக்கும், உப்புக் காற்றுக்குத் தாங்காது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் வேறு. கேபிளும் செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் இன்னும் மோசம். ஈரம் உள்ளே போனால் கம்பி பொடிந்து போகும். வெட்டிய முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

இரண்டு முனையிலும் ஒரு சாண் அளவுக்கு வெட்டி எறிந்துவிட்டு, நல்ல கனெக்டர் போட்டுக் கிரிம்ப் செய்யுங்கள். நீலம் 4, 5. பழுப்பு 7, 8. அந்த நாலையும் குறிப்பாகப் பாருங்கள். டெஸ்டர் இருந்தால் எட்டு விளக்கும் வரிசையாக எரிய வேண்டும்.

மலையோரம்

அதுவரைக்கும் நான் முதலில் சொன்ன டிஎஃப்டிபியைப் பார்த்துவிடலாம். தனியாக ஆன் செய்தாலும் 80 எம்பி இறங்க 40 விநாடி, விநாடிக்கு 2 எம்பிதான். கேபிளை 100இலிருந்து 1000 ஆக்கினாலும் இது பெரிதாக மாறாது.

ஏன் என்றால், 1992இன் ஆர்எஃப்சி 1350 (ஆர்எஃப்சி என்பவை இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஆவணங்கள்) வகுத்தபடி டிஎஃப்டிபி ஒரு துண்டை அனுப்பும், 'வந்தது' என்ற பதில் வந்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும். வள்ளத்திலிருந்து ஒரு கூடை மீனை இறக்கி, கரையில் இருப்பவர் வாங்கிக் காலிக் கூடையைத் திருப்பித் தந்த பிறகே அடுத்த கூடையை எடுப்பது மாதிரி. கூடையின் அளவும் சின்னது, 512 பைட். 1998இல் ஆர்எஃப்சி 2348 வந்து பெரிய துண்டுக்கு வழி செய்தது. சாதாரண ஈதர்நெட்டில் 1,468 பைட் வரைக்கும் உடையாமல் போகும். உங்கள் சர்வரில் டிஎச்சிபி, டிஎஃப்டிபி வேலைகளைப் பார்க்கும் டிஎன்எஸ்மாஸ்க் ஓடும், அதன் அமைப்புக் கோப்பில் 'டிஎஃப்டிபி நோ பிளாக்சைஸ்' என்ற வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் மறுபடி 512க்கே போய்விடும். 2015இன் ஆர்எஃப்சி 7440 பல துண்டுகளை ஒன்றாக அனுப்ப அனுமதிக்கிறது, ஆனால் இரண்டு முனையும் அதை அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபடுவதைவிட எச்டிடிபிக்கு மாறிவிடுங்கள். ஐபிஎக்ஸ்இக்கு எச்டிடிபி நன்றாகத் தெரியும். சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை நிறுவி, கெர்னலையும் இனிட்ஆர்டியையும் அதன் அடைவில் வைத்து, ஐபிஎக்ஸ்இ ஸ்கிரிப்டில் முகவரியின் தொடக்கத்தை டிஎஃப்டிபியிலிருந்து எச்டிடிபியாக மாற்றினால் போதும். ஐபிஎக்ஸ்இ என்ற அந்தச் சின்னக் கோப்பு மட்டும் டிஎஃப்டிபியிலேயே வரட்டும், அது ஒரு விநாடி வேலை.

இனிட்ஆர்டியையும் இளைக்க வைக்கலாம். இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் மாட்யூல்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட்' என்று இருக்கும், அதாவது கிடைக்கிற டிரைவரையெல்லாம் உள்ளே போடும். அதை 'நெட்பூட்' என்று மாற்றினால் நெட்வொர்க் பூட்டுக்குத் தேவையானவை மட்டும் இருக்கும். ஒரு கணினியில் சோதித்துவிட்டுப் பிறகு எல்லாருக்கும் கொடுங்கள்.

கடலோரக்கூடம்

கூடத்துப் பக்கக் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தோம். அண்ணாச்சி சொன்ன அதே பச்சை. 7, 8 இரண்டு பின்னும் களிம்பு மூடி இருந்தன. இரண்டு முனையும் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்ததும் போர்ட் 24 இப்போது 1000 காட்டுகிறது. கெர்னலையும் இனிட்ஆர்டியையும் எச்டிடிபிக்கு மாற்றினோம். மாட்யூல்ஸ் மாற்றத்தை இன்னும் தொடவில்லை, விடுமுறையில் செய்யலாம் என்றிருக்கிறேன்.

இன்று 20 கணினியும் ஒன்றாக ஆன் செய்தோம். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாத் திரையிலும் லாகின் வந்துவிட்டது. தனியாக ஆன் செய்தாலும் கூட்டமாக ஆன் செய்தாலும் இப்போது அதிக வித்தியாசமில்லை. ஒரு கணினி மட்டும் பின்தங்குகிறது, பார்த்தால் அதன் கார்டே 100 எம்பிபிஎஸ்தான். அதைச் சர்வரோடு பேசத் தேவையில்லாத பிரிண்டர் மேசைக்கு ஒதுக்கிவிட்டோம், பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார்.

களிம்பு மறுபடி ஏறாமல் இருக்க என்ன வழி? முற்றத்துக் கேபிள் தென்னை மரங்களுக்கு நடுவில் திறந்த வெளியில்தான் போகிறது.

தக்கலை_நெட்வொர்க்

திறந்த வெளியில் இரண்டு கட்டடத்துக்கு நடுவில் செம்புக் கேபிள் என்றால் களிம்பைவிட எனக்கு இடியைப் பற்றித்தான் பயம். சித்திரை, ஐப்பசி மாதங்களில் இங்கே விழுகிற இடிக்குப் பக்கத்தில் எங்கோ மின்னினாலே போதும், கேபிளில் பாயும் மின்னழுத்தம் இரண்டு பக்க ஸ்விட்சின் போர்ட்டையும் எரித்துவிடும். சில சமயம் முழுதாக எரியாமல் ஒரு ஜோடி மட்டும் போகும், அப்போதும் இதே 100 எம்பிபிஎஸ் நோய்தான்.

பணம் சேரும்போது அந்த 50 மீட்டருக்கு ஃபைபர் போட்டுவிடுங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிகாபிட் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டி). கண்ணாடி இழைக்குக் களிம்பும் ஏறாது, மின்சாரமும் பாயாது. உங்கள் ஊர் கேபிள் டிவிக்காரரிடம் இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் இருக்கும், பிள்ளைகளின் வகுப்புக்கு என்றால் செய்து கொடுப்பார். ஒன்று மட்டும் கவனியுங்கள்: வீடுகளுக்கு இழுக்கும் டிராப் கேபிளில் தாங்குவதற்காக ஒரு இரும்புக் கம்பி கூடவே வரும். அதைக் கட்டடத்துக்குள் கொண்டு போகக் கூடாது, வெளிச்சுவரிலேயே வெட்டி நிறுத்திவிட வேண்டும். உலோகமே இல்லாத டிராப் கேபிளும் கிடைக்கிறது, அது கிடைத்தால் இன்னும் நல்லது. கன்வர்ட்டர் வாங்கும்போது இரண்டும் ஜோடியாக, ஒரே வகையா என்று பார்த்து வாங்குங்கள். ஒற்றை இழையில் ஓடும் வகை என்றால் ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் பி என்று இருக்க வேண்டும்.

குழித்துறை_மாணவன்

பேட்டரி மாற்றி, நெட்வொர்க் ஸ்டேக்கையும் அணைத்தாயிற்று. நேராக விண்டோஸ் வருகிறது. நன்றி அண்ணே.

மார்த்தாண்டம்_டைப்பிங்

இந்த உரையாடல் முழுவதும் படித்தேன். எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஆறு டெஸ்க்டாப் இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஹார்ட் டிஸ்க் சாகும் தறுவாயில். இதே மாதிரி ஒரு சர்வர் வைத்துச் செய்யலாம் என்று ஆசை வந்துவிட்டது. வாடகைக் கட்டடம் என்பதால் சுவரில் கேபிள் இழுக்க யோசனையாக இருக்கிறது. வைஃபையில் பூட் செய்ய முடியுமா?

மலையோரம்

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிஎக்ஸ்இ கம்பி இணைப்புக்காக எழுதப்பட்டது. சாதாரண டெஸ்க்டாப்பில் வைஃபை கார்டுக்கு அந்த நிரலே இருக்காது. அப்படியே வழி கண்டுபிடித்தாலும் ஆறு பேர் ஒன்றாக இமேஜைப் படிக்கும்போது வைஃபை திணறும். நெட்வொர்க் ஒரு விநாடி தடுமாறினால் அந்தக் கணினிக்கு ஹார்ட் டிஸ்க்கையே பிடுங்கிய மாதிரி ஆகிவிடும்.

ஆறு கணினியும் ஒரே அறையில் இருந்தால் சுவரைத் தொட வேண்டியதே இல்லை. 8 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று, மேனேஜ்டு வேண்டாம், சாதாரணமானதே போதும். மேசைகளுக்குப் பின்னால் பிவிசி கேசிங் ஒட்டி, அதற்குள் கேபிளை விடுங்கள். சர்வர், ஸ்விட்ச், ஆறு கணினி எல்லாம் அதே மேசை வரிசையில் வரட்டும். இன்டர்நெட் ரூட்டரும் அதே ஸ்விட்சில் இருந்தால் டிஎச்சிபி இரண்டு இடத்திலிருந்து வரும். ரூட்டர் ஐபி கொடுக்கட்டும், டிஎன்எஸ்மாஸ்க்கை ப்ராக்ஸி டிஎச்சிபியாக வைத்தால் அது பூட் தகவலை மட்டும் தரும். எல்டிஎஸ்பி தானாக எழுதித் தரும் அமைப்பே அப்படித்தான் இருக்கும். கேபிள் வாங்கும்போது 'முழுச் செம்பு, கேட்6' என்று கேட்டு, கடையிலேயே ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.